பத்து லிட்டர் ஆகாயம்

பெல்ட்டை மாட்டியாயிற்று. அதுவும் ஒன்றா, இடுப்புக்கு ஒன்று, தோளுக்கு இரண்டு, தூளியில் பிள்ளையைக் கட்டிப்போட்ட மாதிரி கட்டிப்போட்டுவிட்டு, விமானம் ஓட்டப்போகிற அன்வர் தம்பி பனியைப் பார்க்கப் போய்விட்டான். பனியில் என்னத்தைப் பார்ப்பது, அது பாட்டுக்கு ஓடுதளத்தின் மேல் சோம்பேறித்தனமாகப் படுத்துக் கிடக்கிறது, வெயில் வந்து எழுப்பினால் எழுந்து போகும். “சித்த இருங்க்கா, சூரியன் இன்னும் கொஞ்சம் மேல வரட்டும், போயிரலாம்” என்றான். சித்த நேரம்தானே என்று தனபாக்கியமும் தலையை ஆட்டினாள். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும் மனுஷிக்குச் சித்த நேரம் என்பது லேசுப்பட்ட நேரமா? ஐம்பத்தேழு வயது. கோயம்புத்தூரில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை, எரிந்துபோன மோட்டாருக்குச் செப்புக்கம்பி சுற்றி மறுபடியும் ஓடவைப்பது தொழில். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஏரிக்கரையில் பறவை பார்ப்பது. இந்த இரண்டுமல்லாமல் மூன்றாவதாக ஒரு காரியத்துக்கு அவள் இப்படி உட்கார்ந்ததேயில்லை. கல்யாணத்தன்று மணையில் உட்கார்ந்தபோதுகூட சமையற்கட்டில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள். இப்போது எதை எட்டிப் பார்ப்பது, தலையில் ஹெல்மெட், காதில் ஹெட்போன், முன்னால் அன்வரின் காலி சீட்டு, பின்னால் எஞ்சின். விமானம் என்று இதைச் சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். மூன்று சக்கரம், மேலே ஒரு துணி இறக்கை, முதுகுக்குப் பின்னால் ஒரு காத்தாடி, ஆள் இரண்டு. பட்டறை வாசலில் நிற்கும் டிவிஎஸ் ஃபிஃப்டியைப் பார்த்து யாரோ ‘நீயும் ஏன் பறக்கக் கூடாது’ என்று உசுப்பேற்றிவிட்ட மாதிரி இருந்தது. பயமா என்று கேட்டுப் பார்த்தாள். பயம் கொஞ்சம் இருந்தது, இல்லாமலா. ஆனால் பயத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு வேறு என்னவோ ஒன்று எம்பி எம்பிக் குதித்துக்கொண்டிருந்தது, அதன் பெயரைச் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

பெயர் எதற்கு, இது வேலை, வேலையாகத்தானே வந்திருக்கிறோம், கணக்கெடுப்பு. ஏரி நடுவே இருக்கிற திட்டில் கருவேல மரங்கள், அதன் உச்சியில் மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு வைத்திருக்கின்றன, கரையிலிருந்து பைனாகுலரில் எண்ணினால் முன்வரிசைக் கூடுகள்தான் தெரியும், பின்வரிசை இலைக்குள் ஒளிந்துகொள்ளும், ஒவ்வொரு வருஷமும் ஒருத்தர் நூறு என்பார், இன்னொருத்தர் நூற்றிருபது என்பார், அதற்கு ஒரு சண்டை, சண்டைக்கு மேல் ஒரு டீ. மேலிருந்து பார்த்தால் உள்ளங்கை ரேகை மாதிரி தெரியுமே என்று போன மாதம் அவள்தான் எடுத்துவிட்டாள். எடுத்துவிட்டபோது குரல் எவ்வளவு சாதாரணமாக இருந்தது! உள்ளே நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டது யாருக்குத் தெரியும். கூடப் பறவை பார்க்கும் எட்டுப் பேரும் கையைத் தூக்கிவிட்டார்கள். “அக்கா, நீங்களே போங்க்கா, உங்களுக்குத்தான் கண்ணு கூர்மை” என்று கலாவதி சொன்னாள், பேங்க்கில் வேலை, வெள்ளை மனசு. இந்நேரம் எட்டுப் பேரும் ஏரிக்கரையில் பிளாஸ்க்கோடு நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கையாட்டுவார்கள். அதுவேறு. யாருக்கு? பத்து லிட்டர் பெட்ரோலை ஒரு சுற்றில் குடித்துவிட்டு வரும் பாக்கியம் அக்காவுக்கு. பங்க்கில் போடும் அதே பெட்ரோல்தான், கேனில் வாங்கிவந்து அன்வர் புனல் வைத்து ஊற்றியபோது அந்த வாசனை வந்ததே, அப்போதே அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், கறிக்கடைப் பக்கம் போகும் சைவக்காரி மாதிரி. ஏரிக்கு யார் தனியாகக் காரில் வந்தாலும் அன்றைக்கு எல்லாருக்கும் டீயும் போண்டாவும் அவர் தலையில் என்று சட்டம் போட்டவள் இவள். வந்ததும் ஒவ்வொருத்தரும் சொல்ல வேண்டும், பஸ், சைக்கிள், நடை, கார் என்று. மாட்டிக்கொண்டவரைக் கேலி செய்வதில் இவளை மிஞ்ச ஆளில்லை. ‘என்னங்க, அஞ்சு சீட்டு வண்டியில நாலு சீட்டுக்குக் காத்தை ஏத்திக்கிட்டு வந்தீங்களா?’ சரி, இந்த வண்டியில் இரண்டு சீட்டு, இரண்டிலும் ஆள் உண்டு, காலி சீட்டு இல்லை என்று ஒரு மனம் வக்கீல் வேலை பார்த்தது. த்தூ, என்ன பேச்சு இது என்று இன்னொரு மனம் அதன் காதைத் திருகியது.

ஆனாலும் கணக்கு என்று ஒன்று இருக்கிறதல்லவா, கணக்கைப் பார்க்காமல் பழி போடக் கூடாது. போன வருஷம் இருவாச்சி பார்க்க வால்பாறைக்குப் போனார்களே, மூன்று கார், மலையேறி இறங்கியதில் காருக்குப் பதினைந்து லிட்டர் என்று வைத்தாலும் நாற்பத்தைந்து லிட்டர், பன்னிரண்டு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு நாலுக்குக் கொஞ்சம் குறைவு. இருவாச்சி கிடைத்தது, ஒன்றே ஒன்று, அதுவும் முதுகைக் காட்டாமல் பறந்தது. அதற்கு நாற்பத்தைந்து லிட்டர், அதைப் பாவம் என்று யாரும் சொல்லவில்லை, இயற்கை ஆர்வம் என்றார்கள். எட்டுப் பேரில் ஒருத்தரான டாக்டர் நெடுஞ்செழியன் ஒரு குருவியைப் பார்ப்பதற்காகவே வடகிழக்கு மலைக்குப் போய்வந்தார், பெரிய விமானத்தில், போக வர ஒரு ஆளின் பங்குக்கு மட்டும் நூற்றைம்பது லிட்டருக்குக் குறையாது, அதற்கு மேல் இரண்டு நாள் ஜீப். வந்தவருக்குச் சால்வை போட்டது யார்? சாட்சாத் இவள்தான். அந்தக் குருவியின் படத்தைப் பார்த்து அழுததும் இவள்தான், அவ்வளவு அழகு, தொண்டையில் குங்குமம் அப்பிய மாதிரி. மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி. வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? அவள் புருஷன் பழனியப்பனுக்கு மீன்தொட்டி என்றால் உயிர். ஆறடித் தொட்டி, தண்ணீர் சுற்ற ஒரு மோட்டார், காற்றடிக்க ஒன்று, விளக்கு, மார்கழிக் குளிரில் மீனுக்கு நடுங்காமலிருக்க ஹீட்டர், அவள் குளிக்கப் பச்சைத்தண்ணீர். வாட்ஸைக் கூட்டத் தெரிந்தவளிடம் கொண்டுவந்து தொட்டியை வைத்தால் கூட்டாமல் இருப்பாளா? ராப்பகலாக ஒரு வருஷம் ஓடினால் அந்தக் கரண்டுக்கு எரிகிற நிலக்கரிப் புகை, இந்தத் துணி விமானம் முப்பது தடவை பறந்தால் வருகிற புகை. அப்படியென்றால் அந்தத் தங்கமீன்கள் வருஷத்துக்கு முப்பது தடவை ஆகாயத்துக்குப் போய்விட்டு வருகின்றன, அவருக்கும் தெரியாது, மீனுக்கும் தெரியாது! இதை நினைத்ததும் பெல்ட்டுக்குள்ளேயே குலுங்கிச் சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்தில் ஹெல்மெட் கண்ணை மறைத்தது. ஆனால் பாக்கியம், நியாயமாகச் சொல்லு, ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று பார்த்தால்? மணிக்கணக்கில் மீன்தொட்டி பூனை, இது யானை. பக்கத்து வீட்டு விசாலாட்சி சாயங்காலமானால் வீணையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாளே, அதற்கு என்ன எரிகிறது, இரண்டு விரல் நுனி. பழனியப்பனின் அண்ணன் சதுரங்கம் ஆடுகிறார், அவருக்கு எரிவதெல்லாம் தோற்றால் வருகிற வயிற்றெரிச்சல்தான். அவரவருக்கு எது பிடித்துத் தொலைக்கிறதோ அதில்தான் இருக்கிறது கணக்கு. விசாலாட்சிக்கு வானத்தின் மேல் ஆசை வந்திருந்தால் அவளும் பெட்ரோல் வாசனையில் உட்கார்ந்திருப்பாள். அடுத்தவன் அதிகம் திருடினான் என்பதற்காக நாம் கொஞ்சம் திருடலாமா? திருடக் கூடாது. ஆனால் இது திருட்டா, கணக்கெடுப்பல்லவா, ஆமாம், கணக்கெடுப்பு. எத்தனை தடவை சுற்றினாலும் மனம் இந்தச் சொல்லில் வந்து செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டது.

வெயில் வந்தது. ஓடுதளத்தின் ஓரத்துப் புல் முதலில் தெரிந்தது, அப்புறம் கம்பத்தில் கட்டிய காற்றுப்பை, ஒருபக்கமும் ஆடாமல் தொங்கிக்கொண்டு. அன்வர் கையைத் தேய்த்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தான். போத்தனூர்ப் பையன், நாற்பதைத் தொட்டும் பையனாகவே இருப்பவன், வாரம் முழுக்க ஒர்க்ஷாப், ஞாயிறானால் இங்கே. “நெம்ப நல்ல காத்துங்க்கா, உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குது” என்று முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஹெட்போனைச் சரிசெய்துகொண்டு, காதுக்குள்ளேயே கேட்டான்: “ஏனுங்க்கா, கூடு எண்ணோணும்னா எவ்வளவு தாழ்வா போலாம்? முந்நூறு அடிக்குக் கீழ போனாத்தான் எண்ண முடியும். இருநூறுக்கு வரட்டுங்களா?” இருநூறு என்று சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. இருநூறடி. இதே மார்கழியில், போன வருஷம், எவனோ ஒருத்தன் முதுகில் எஞ்சினைக் கட்டிக்கொண்டு பாராசூட்டில் தொங்கியபடி ஏரி மேல் வந்தான், இருநூறடிதான் இருக்கும், டர்ரென்று ஒரு சத்தம். திட்டில் இருந்த நாரை அத்தனையும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டது. மரமே பிய்த்துக்கொண்டு மேலே போன மாதிரி. பார்க்க என்ன அழகு, என்ன அழகு, அடுத்த நிமிஷமே காக்கைகள் இறங்கிவிட்டன, ஆளில்லாத வீட்டுக்குள் நுழைகிற மாதிரி கூடுகூடாகப் புகுந்து முட்டையைக் கொத்திக்கொண்டு போயின. கரையில் நின்று குடையை வானத்துக்கு நீட்டி அவள் கத்தினாளே, பட்டறையில் முப்பது வருஷம் பேசாத கெட்ட வார்த்தையெல்லாம் பேசினாளே, நாசமாப் போறவனே, உனக்கு வேற சோலியே இல்லையா என்று. அதற்காகத்தானே இந்தப் பறக்கிற கிளப்புக்கே முதல்முதலாக வந்தாள், சண்டை போட. அன்றைக்கு எல்லாரும் நழுவிவிட்டார்கள், அன்வர் மட்டும் நின்று முழுவதையும் வாங்கிக்கொண்டு, இனிமேல் யாரும் ஏரி மேல் வராதபடி பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, சொன்னபடி செய்தும் காட்டி, கடைசியில் சிரித்துக்கொண்டே, ‘ஒருக்கா நீங்களும் மேல வந்து பாருங்க்கா’ என்றான். சீ, போப்பா என்றாள். அந்த ‘ஒருக்கா’தான் ஒரு வருஷமாகப் பல்லிடுக்கில் மாட்டிய பாக்குத்தூள் மாதிரி நாக்கை விடவில்லை. அதே ஏரி, அதே மார்கழி, அதே முட்டை. இவள் மட்டும் குடைக்குப் பதில் எஞ்சினோடு. எப்படி மறந்தது? மறந்தது இவள் மட்டுமா, அக்காவே கேட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று அன்வரும், கூட எட்டுப் பேர், எட்டுப் பேர் கழுத்திலும் பைனாகுலர், ஒருத்தர் மூளையிலும் உறைக்கவில்லை. நூறா நூற்றிருபதா என்கிற வெறியில் எண்ணப்படுகிற ஜீவனையே மறந்துவிட்டார்கள். எங்கள் மாதிரி எண்ணிக்கைப் பைத்தியங்களுக்குத்தான் இந்தத் தப்பு வரும், பறவையை ஏறிட்டும் பார்க்காதவனுக்கு வரவே வராது.

“அக்கா?” என்றான் அன்வர். “ஏரிப்பக்கம் வேண்டாம் தம்பி” என்றாள். சொன்னதும் மனசு லேசானது, லேசான மனசு சர்ரென்று கீழே இறங்கியது. ஏரி இல்லையென்றால் கூடு இல்லை, கூடு இல்லையென்றால் கணக்கெடுப்பு இல்லை, கணக்கெடுப்பு இல்லையென்றால் இந்தச் சீட்டில் கட்டிப்போட்டுக்கொண்டு இவள் என்ன செய்கிறாள்? செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்த வீடே காணாமல் போய்விட்டது. கை தானாகப் போய் பெல்ட்டின் கொக்கியில் நின்றது. ஒரு அமுக்கு. இறங்கிவிடலாம். இறங்கினால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, பத்து லிட்டரும் கேனுக்குத் திரும்பிவிடும், பாக்கியம் அக்கா பறவைக்காகத் திரும்பிவந்தார் என்று கலாவதி எல்லாரிடமும் சொல்லுவாள், இன்னொரு சால்வைகூட வரும். எவ்வளவு நல்ல பெயர்! நல்ல பெயரை நினைக்க நினைக்க அழுகை வந்தது, சோளப்பொரி மாதிரி உள்ளுக்குள் எம்பிக் குதித்துக்கொண்டிருந்த அதுவும் ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது, பெரியவர்கள் வேண்டாமென்றதும் கேட்காமலே ஒப்புக்கொள்ளும் பெண்குழந்தை மாதிரி. அதைப் பார்த்துத்தான் அவளுக்குக் கோபம் வந்தது. இருபது வருஷம். இருபது வருஷமாகக் கரையில் நின்று கழுத்து வலிக்க வலிக்க அண்ணாந்து பார்த்தாளே, எதற்கு? பாதுகாப்பு, கணக்கு, விழிப்புணர்வு. மண்ணாங்கட்டி! பொறாமை. பச்சைப் பொறாமை. அந்த நாரை இரண்டு தட்டுத் தட்டி, இறக்கையை விரித்து, அப்படியே ஒன்றும் செய்யாமல் காற்றில் கிடக்கிறதே, அந்த ஒன்றும் செய்யாத நேரத்தின் மேல் இவளுக்குப் பொறாமை. விடிந்து கண்விழித்தால் காயில், கம்பி, வார்னிஷ், வீட்டில் குழம்பு, ஞாயிறுக்கு எண்ணிக்கை. ஒரு காரியமும் இல்லாமல் ஒரு நிமிஷம் கிடந்ததுண்டா? சந்தோஷம்கூட இவளிடம் வருவதென்றால் கையில் ஏதாவது வேலையோடு வர வேண்டியிருந்தது, இல்லையென்றால் வாசலிலேயே நிறுத்திவிடுவாள். இந்தப் பத்து லிட்டருக்குப் பத்து மரம் நட்டுவிடலாம் என்று வக்கீல் மறுபடி எழுந்தான். உட்காருடா, என்றாள். மரம் நடுவதென்றால் நடத்தான் போகிறோம், அதைக் கொண்டுவந்து இதில் கழிக்காதே, புகை புகைதான், இது செலவு, ஆசைக்குச் செய்கிற செலவு, வாழ்க்கைக்கு ஒருக்கா. செய்வதென்றால் செலவு என்று சொல்லிச் செய்ய வேண்டும், இல்லையென்றால் பேசாமல் இறங்கிவிட வேண்டும்.

கொக்கியிலிருந்து கையை எடுத்து போனை எடுத்தாள். ஹெல்மெட்டையும் ஹெட்போனையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். முதல் மணியிலேயே கலாவதி எடுத்துவிட்டாள், பின்னால் ஏரிச் சத்தம், யாரோ தும்முகிற சத்தம். “அக்கா, கெளம்பிட்டீங்களா? நாங்கெல்லாம் ரெடிங்க்கா!”

“கலா, நான் ஏரிக்கு வரலை.”

“அய்யோ, ஏனுங்க்கா? பனியா?” பனி என்று சொன்னால் போதும். கலாவதியே சொல்லையும் எடுத்துக் கையில் கொடுக்கிறாள், தங்கமான பெண். பாக்கியம் ஒரு மூச்சு வாங்கினாள். “பனியில்லை. எஞ்சின் சத்தத்துக்குக் கூட்டை உட்டு எந்திரிச்சுப் போயிரும்ல கலா. போன வருசம் பாத்தமே.” கலாவதி அதை அப்படியே மற்றவர்களிடம் சொல்வது கேட்டது. எட்டுப் பேருக்கும் ஒரே நேரத்தில் உறைப்பது போனிலேயே தெரிந்தது. “அட ஆமாங்க்கா” என்றாள் கலாவதி, குரல் உள்ளே போய்விட்டது. “எங்க யாருக்குமே தோணலையே... சரிங்க்கா, நல்லவேளை. அப்ப இறங்கி வந்துருங்க, டீ சூடா இருக்குது.”

“இல்ல கலா. நான் பறக்கத்தான் போறேன்.”

“எதுக்குங்க்கா?”

இந்தக் கேள்விக்குத்தான் இருபது வருஷமாக அவளிடம் விதவிதமான பதில் இருந்தது. “எனக்கு ஆசையா இருக்குது” என்றாள். குரல் நடுங்கியது, நடுங்கட்டும். “எண்ணறதுக்கில்லை, ஒரு பிரயோசனமும் இல்லை. பத்து லிட்டர் எரியும். எனக்கு மேல போகோணும், அவ்வளவுதான்.” போனில் ஒரு கரகரப்பு. டாக்டர் என்னவோ கேட்பதும், கலாவதி “ஆசையாமுங்க” என்று அவரிடம் சொல்வதும், அவர் கடகடவென்று சிரிப்பதும் கேட்டது. கேலிச் சிரிப்பா என்று காதைத் தீட்டினாள். இல்லை, நூற்றைம்பது லிட்டர் குடித்தவருடைய சிரிப்பு, துணை கிடைத்த சிரிப்பு. அப்புறம் கலாவதி போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேட்கக்கூடாது என்பது போல, மெதுவாகக் கேட்டாள்: “அக்கா, நெசமாலுமே உங்களுக்கு இத்தனை நாளா ஆசையா இருந்துச்சா? ஒரு வார்த்தை சொல்லலையே.” “எனக்கே இன்னைக்குத்தான் கண்ணு சொன்னேன்” என்றாள் பாக்கியம்.

ஹெல்மெட்டும் ஹெட்போனும் மறுபடி தலைக்கு ஏறின, எஞ்சின் பிடித்துக்கொண்டது. அட, என்ன சுதி! மோட்டார் சத்தத்தில் முப்பது வருஷம் வாழ்ந்த காதுக்கு அது ஒரு குறையும் இல்லாமல் கேட்டது. ஓடுதளம் ஓடியது, புல் ஓடியது, முதுகுத்தண்டில் ஒவ்வொரு கல்லும் பேசியது, பேசிக்கொண்டேயிருந்து சட்டென்று வாயை மூடியது. அவ்வளவுதானா? தூக்கி எறிவார்கள் என்றல்லவா நினைத்தாள், இது இறக்கிவைத்த மாதிரி இருக்கிறதே, தலைச்சுமையை. வேலி கீழே போனது, தென்னந்தோப்பு கீழே போனது, தென்னைமரத்துக்கு மேலிருந்து பார்த்தால் நட்சத்திரமாமே, ஒவ்வொரு மரமும் ஒரு பச்சை நட்சத்திரம், இத்தனை நாளும் ஒரு மரமும் சொல்லவில்லை. கிணறுகள், வட்டவட்டமாக, எத்தனை கிணற்று மோட்டாருக்கு இவள் கம்பி கட்டியிருப்பாள், அவற்றின் வாய்க்குள் வானம் கிடந்தது. ஏரி தூரத்தில், இடப்பக்கம், வெள்ளித்தட்டு மாதிரி மின்னியது, அதன் நடுவில் ஒரு கரும்புள்ளி, திட்டு, அங்கே ஒரு இறகும் அசையவில்லை. உட்காருங்க தாயிகளா, உட்கார்ந்து அடைகாத்துட்டிருங்க. அன்வர் வலப்பக்கம் சாய்த்தான், பயந்து அவன் தோளைப் பிடித்தாள், பிடித்தபோதுதான் கீழே பார்த்தாள். ஒரு பருந்து. கீழே! இருபது வருஷமாக வயிற்றையும் வாலையும் கோடு கோடாக மனப்பாடம் செய்த அதே செம்பருந்து, இப்போது கீழே மிதந்து போகிறது, அதன் முதுகைக் காட்டிக்கொண்டு. முதுகு இவ்வளவு சிவப்பா! சுட்ட செங்கல்லின் சிவப்பு, வெயில் பட்டதும் அடுப்புக்கரியில் ஊதிவிட்ட சிவப்பு. அது தலையைத் திருப்பி ஒரு கண்ணால் அவளைப் பார்த்தது, யாரடி நீ புதுசா என்று, பார்த்துவிட்டு அது பாட்டுக்குப் போனது. பாக்கியத்துக்குக் கண்ணிலிருந்து நீர் காதுப்பக்கமாக ஓடியது. காற்றினாலா என்று கேட்டுப் பார்த்தாள். இல்லை, சந்தோஷத்தினால்தான் என்று பளிச்சென்று பதில் வந்தது. வக்கீல் ஒருத்தரும் எழவில்லை. பக்கத்தில் யாராவது இருந்தால் கட்டிப்பிடித்திருப்பாள், ஆகாயத்தில் யாரைப் பிடிப்பது, அன்வரின் தோளையே இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஹோவென்று கத்தினாள், ஹெட்போனுக்குள் அவன் காது கிழிந்திருக்கும்.

அவன் சிரித்தான். பிறகு, மரியாதைப்பட்ட பையனல்லவா, அவள் யார், எப்படிப்பட்டவள், எரிகிற ஒவ்வொரு சொட்டுக்கும் ஊரையே நிறுத்திவைத்துக் கேள்வி கேட்பவள் என்பதெல்லாம் நன்றாகத் தெரிந்தவன், அவளுக்குப் பிடிக்கும் என்று நினைத்து, ஆசையாகச் சொன்னான்: “அக்கா, இந்த இடத்துல திரும்பிட்டா மூணு லிட்டர் மிச்சம் பண்ணிறலாங்க்கா.”

பாக்கியம் கீழே பார்த்தாள். கோயம்புத்தூர் அங்கே தூரத்தில் புகைக்குள் பல் தேய்த்துக்கொண்டிருந்தது, மலை நீலமாக நின்றது, இரண்டுக்கும் நடுவில் ஒரு காரியமும் இல்லாமல் அவள் இருந்தாள்.

“மிச்சம் பண்ணாத சாமி” என்றாள். “இன்னொரு சுத்துப் போ.”